வரைபவரே விமர்சிக்கலாமா? தலித் கலைஞரின் இரட்டைப் பணியும் நடுநிலை என்னும் கேள்வியும்

இளம் ஓவியர் ஒருவர் வக்கீல் நோட்டீஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு எங்களிடம் ஆலோசனை கேட்டு வந்தார். கவின்கலைக் கல்லூரியில் பயின்றவர். தலித் குடும்பத்தில் பிறந்தவர். ஓவியம் வரைவதோடு சிற்றிதழ்களில் கண்காட்சி விமர்சனங்களும் எழுதிவருபவர். கிராமிய வாழ்வைப் பொருளாகக் கொண்ட ஒரு குழுக் கண்காட்சியைப் பற்றி அவர் எழுதிய விமர்சனமே நோட்டீஸுக்குக் காரணம். அக்கண்காட்சியில் நிலவுடைமையாளரின் முகம் ஒவ்வொரு சுருக்கமும் தெரியுமாறு வரையப்பட்டிருக்க, பறையடிப்பவர் மட்டும் படத்துக்குப் படம் முகமற்ற கறுத்த உருவமாக, அலங்காரப் பொருளாக நின்றிருப்பதை அவர் சுட்டிக்காட்டியிருந்தார். இதனால் தங்கள் நற்பெயருக்குக் களங்கம் ஏற்பட்டுவிட்டதென்றும், நிபந்தனையற்ற மன்னிப்புக் கோராவிட்டால் அவதூறு வழக்குத் தொடரப்படுமென்றும் அமைப்பாளர்கள் எழுதியிருந்தனர்.

நோட்டீஸில் மூன்று வாதங்கள் இருந்தன. விமர்சகர் தாமே ஓவியர் என்பதால் போட்டியாளர். ஆகவே நடுநிலையற்றவர் என்பது முதலாவது. குறிப்பிட்ட சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதால் எதிலும் சாதியையே காண்பவர் என்பது இரண்டாவது. அதே கண்காட்சிக்கு அவர் அனுப்பிய இரண்டு ஓவியங்கள் நிராகரிக்கப்பட்டிருந்தன; அந்த ஆத்திரத்தில் எழுதினார் என்பது மூன்றாவது. மூன்றாவது வாதத்தில் கூறப்பட்ட நிகழ்வு உண்மை. ஓவியங்கள் நிராகரிக்கப்பட்டதை அவர் தம் விமர்சனத்தில் குறிப்பிட்டிருக்கவில்லை. நோட்டீஸ் வருவதற்கு முன்பே ஒருவர் தொலைபேசியில் அழைத்து, வரைவதா எழுதுவதா என்று ஏதேனும் ஒன்றை முடிவு செய்துகொள்ளுமாறு அவரிடம் சொல்லியிருந்தார்.

அவருடைய பெயரையும் ஊரையும் தவிர்த்து, அவருடைய இசைவோடு இதனை எழுதுகிறோம். ஏனெனில் இது அவர் ஒருவருடைய சிக்கல் அன்று. படம் வரையும் தலித் இளைஞர்கள் பலர் எழுதவும் விரும்புகின்றனர்; எழுதினால் கண்காட்சி வாய்ப்புகள் அடைபட்டுவிடுமோ என்று அஞ்சுகின்றனர். அந்த மூன்று வாதங்களும் ஒன்றுபோலத் தோன்றினாலும் சட்டத்தின் பார்வையிலும் அறத்தின் பார்வையிலும் வெவ்வேறானவை. ஒன்று வலுவற்றது, ஒன்று இழிவானது, ஒன்றுக்கு மட்டும் நாம் நேர்மையாக விடைகூறக் கடமைப்பட்டிருக்கிறோம்.

யாரிடம் இக்கேள்வி கேட்கப்படவில்லை

வரைபவர் விமர்சிக்கலாகாது என்பது இந்தியக் கலையுலகின் மரபு அன்று. மரபு அதற்கு நேர்மாறானது. ஓவியர் ஜெ. சுவாமிநாதன் 'லிங்க்' வார இதழில் கலை விமர்சனம் எழுதினார். 1962இல் பாவ்நகரில் உருவான 'குரூப் 1890' என்னும் ஓவியர் குழுவின் முதன்மை உறுப்பினராக இருந்தார். அக்குழுவின் ஒரே கண்காட்சி 1963இல் டெல்லியில் நடைபெற்றது. பின்னர் 'கான்ட்ரா 66' என்ற இதழையும் அவர் நடத்தினார். தாம் வரைந்தவற்றுக்கு இடம் உண்டாகும்படி, தமக்கு முந்தைய ஓவியப் போக்குகளை அவர் கடுமையாகச் சாடி எழுதினார். அவருடைய விமர்சனங்களை இன்றும் நாம் மதித்துப் படிக்கிறோம்.

பரோடாவில் குலாம் முகமது ஷேக்கும் பூபேன் கக்கரும் 1969இல் 'விருச்சிக்' என்ற கலை இதழைத் தொடங்கினர், இருவரும் ஓவியர்கள். கே.ஜி. சுப்ரமணியன் தம் ஓவியங்களுக்கு நிகராகக் கலை பற்றிய கட்டுரைகளாலும் அறியப்படுகிறார். சென்னையில் கே.சி.எஸ். பணிக்கரைச் சுற்றித் திரண்ட முற்போக்கு ஓவியர் சங்கம் 1961இல் 'ஆர்ட்ரென்ட்ஸ்' இதழை வெளியிடத் தொடங்கியது. சென்னை ஓவியர்களின் படைப்புகளைப் பற்றிய உரையாடலை அவ்வோவியர்களே நடத்திய இதழ் வளர்த்தது. 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானபோது அதற்கான கருத்துத் தளம் ஏற்கெனவே இருந்தது.

இவர்களுடைய இரட்டைப் பணி குறையாகக் கருதப்படவில்லை. ஆளுமையின் விரிவாகக் கருதப்பட்டது. தூரிகையைக் கையாளத் தெரிந்தவர் என்பதாலேயே அவர்களுடைய எழுத்துக்கு மதிப்புக் கூடியது. எனவே தலித் ஓவியர் ஒருவர் எழுதத் தொடங்கும்போது மட்டும் நடுநிலை பற்றிய ஐயம் எழுமானால், அந்த ஐயம் இரட்டைப் பணியைப் பற்றியது அன்று என்பதை நாம் முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

பெயரிடும் அதிகாரம்

ஒரு படைப்பைக் 'கலை' என்பதா, 'கைவினை' என்பதா, 'நாட்டார் வடிவம்' என்பதா, 'பிரச்சாரம்' என்பதா என்று முடிவு செய்வது விமர்சனம். அப்பெயரைப் பொறுத்தே படைப்பு அருங்காட்சியகத்துக்குச் செல்லுமா, கைவினைப் பொருட்காட்சிக்குச் செல்லுமா என்பது அமைகிறது, விலையும் அமைகிறது, படைத்தவரின் பெயர் பதிவாகுமா, சாதிப் பெயர் மட்டும் பதிவாகுமா என்பதும் அமைகிறது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டாகப் போபாலைக் கூறலாம். 1982இல் திறக்கப்பட்ட பாரத் பவனின் ரூபங்கர் அருங்காட்சியகத்தை உருவாக்கியவர் சுவாமிநாதன். ஆதிவாசிக் கலைஞர்களின் படைப்புகளையும் நகர ஓவியர்களின் படைப்புகளையும் ஒரே கூரையின்கீழ், சம காலத்தவையாக அவர் காட்சிப்படுத்தினார். பட்டன்கர் கிராமத்தைச் சேர்ந்த பர்தான் கோண்டு இளைஞரான ஜங்கர் சிங் ஷ்யாம் நாடறிந்த ஓவியரானது அம்முயற்சியின் வழியாகத்தான். ஓர் ஓவியர் விமர்சகராகவும் அருங்காட்சியகப் பொறுப்பாளராகவும் இருந்ததால் விளைந்த பெரும் நன்மை அது. ஆயினும் அந்த உறவின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். வரைந்தவர் ஒருவர்; அவ்வரைவுக்குப் பொருள் உரைத்தவர் வேறொருவர். அன்பும் மதிப்பும் கொண்ட விமர்சகர் கிடைத்தபோதுகூட, ஒடுக்கப்பட்ட சமூகத்துக் கலைஞர் எழுதப்படுபவராகவே இருந்தார், எழுதுபவராக இருக்கவில்லை.

தலித் ஓவியர்களின் நிலை இதனினும் கடினமானது. கழுத்தில் மண்கலயமும் இடுப்பில் துடைப்பமும் கட்டப்பட்ட தீண்டப்படாதவரின் உருவத்தை மீண்டும் மீண்டும் வரைந்த நாக்பூரைச் சேர்ந்த சவி சவார்க்கரின் ஓவியங்களை எந்தச் சொற்களால் பேசுவது என்று நெடுங்காலம் கலையுலகம் அறிந்திருக்கவில்லை. கோட்டின் வேகத்தைப் பேசியவர்கள் துடைப்பத்தைப் பேசவில்லை. ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகக் கலை வரலாற்றறிஞர் ஒய்.எஸ். அலோனே இத்தகைய நிலையைப் 'பாதுகாக்கப்பட்ட அறியாமை' என்ற கருத்தாக்கத்தால் விளக்குகிறார். சாதியைக் காணாதிருப்பது தற்செயலான குறைபாடு அன்று. அது பேணிக் காக்கப்படுகிறது என்பது அதன் சாரம். அந்த அறியாமையைக் கலைக்க வேண்டுமானால், படத்தின் தொழில்நுட்பமும் தெரிந்து, படத்துக்குள் இருக்கும் துடைப்பத்தின் வரலாறும் தெரிந்த ஒருவர் எழுத வேண்டும். அவர் பெரும்பாலும் ஓவியராகவே இருப்பார்.

ஒரு கேலிச்சித்திரக்காரர் எழுதிய விமர்சனம்

இத்தகைய எழுத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று உண்டு. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் பதினொன்றாம் வகுப்பு அரசியல் அறிவியல் பாடநூலில் இடம்பெற்றிருந்த கேலிச்சித்திரம் 2012 மே மாதம் நாடாளுமன்றத்தில் பெரும் விவாதமானது. 1949இல் சங்கர் வரைந்த அப்படத்தில் அரசமைப்புச் சட்டம் என்று எழுதப்பட்ட நத்தையின்மேல் சாட்டையுடன் அண்ணல் அம்பேத்கர் அமர்ந்திருப்பார். பின்னால் நேரு சாட்டையை ஓங்கியிருப்பார். தொல். திருமாவளவன் இதனை மக்களவையில் எழுப்பினார். அரசு வருத்தம் தெரிவித்தது. பாடநூல் ஆலோசகர்கள் யோகேந்திர யாதவும் சுகாஸ் பல்சிகரும் பதவி விலகினர். புனேயில் பல்சிகரின் அலுவலகம் தாக்கப்பட்டது. அத்தாக்குதலை நாம் ஏற்கவில்லை. அதே வேளையில், எதிர்ப்புத் தெரிவித்த தலித்துகள் அனைவரையும் நகைச்சுவை புரியாதவர்கள், சகிப்பற்றவர்கள் என்று ஒதுக்கிய அறிவுலகக் குரல்களையும் நாம் மறக்கவில்லை.

அவ்விவாதத்துக்கு மிக வலுவான மறுமொழி ஒரு கேலிச்சித்திரக்காரரிடமிருந்து வந்தது. ஆந்திரத்தைச் சேர்ந்த உன்னமதி சியாம சுந்தர் அம்பேத்கரியப் பார்வையில் கேலிச்சித்திரங்கள் வரைபவர், ஆய்வாளரும்கூட. 1932 முதல் 1956 வரை ஆங்கில நாளேடுகளில் அம்பேத்கரைப் பற்றி வெளிவந்த கேலிச்சித்திரங்களைத் தேடித் திரட்டி, நூற்றுக்கும் மேற்பட்டவற்றை விளக்கங்களுடன் 'நோ லாஃபிங் மேட்டர்' என்ற நூலாக 2019இல் நவயானா பதிப்பகம் வழியாக வெளியிட்டார்.

ஒற்றைப் படத்தை வைத்து வாதிட்டால், வரைந்தவரின் நோக்கம் என்ன, சாட்டை யாரை நோக்கி ஓங்கப்பட்டது என்று விவாதம் முடிவின்றி நீளும். வழக்கறிஞர்களாகிய நாங்கள் நன்கறிந்த ஒன்று உண்டு: ஒரு செயலைத் தற்செயல் என்று விளக்கிவிடலாம், அதே செயல் தொடர்ந்து நிகழ்ந்ததற்கான சான்றுகளை வரிசையாக வைத்தால் அவ்விளக்கம் நிற்காது. சியாம சுந்தர் செய்தது அதுவே. அம்பேத்கர் எவ்வளவு சிறிய உருவமாக வரையப்படுகிறார், காந்திக்கும் காங்கிரஸ் தலைவர்களுக்கும் பக்கத்தில் எந்த இடத்தில் நிறுத்தப்படுகிறார் என்பதைக் கோடு கோடாகப் படித்துக்காட்டினார். கேலிச்சித்திரத்தில் அளவும் இடமுமே வாதம் என்பது அத்தொழிலைச் செய்பவருக்குக் கையறிந்த உண்மை. எந்தத் தடையாணையும் சாதித்திருக்க முடியாததை அந்நூல் சாதித்தது. படங்களை மறைக்கவில்லை, அனைவரும் காணுமாறு விரித்துவைத்தது.

அவருடைய வரையும் கை ஆய்வுக்கு இடையூறாக இருக்கவில்லை. அதுவே ஆய்வுக் கருவியாயிற்று.

அடையாளம் வேறு, சொந்த நலன் வேறு

இனி நோட்டீஸின் இரண்டாவது வாதத்துக்கு வருவோம். தலித் என்பதால் சாதி பற்றிய விமர்சனத்தில் நடுநிலை வகிக்க இயலாது என்ற வாதத்தை, வேறொரு நாட்டு நீதிமன்றம் இதேபோன்ற வடிவத்தில் எதிர்கொண்டிருக்கிறது. 1974இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், கறுப்பினத் தொழிலாளர்கள் ஒரு தொழிற்சங்கத்தின்மீது தொடுத்த இனப் பாகுபாட்டு வழக்கை நீதிபதி லியோன் ஹிக்கின்பாதம் விசாரித்தார். அவர் கறுப்பினத்தவர், கறுப்பின வரலாற்றாசிரியர்களின் கூட்டமொன்றில் உரையாற்றியவர், ஆகவே விலக வேண்டும் என்று எதிர்த்தரப்பு கோரியது. அவர் மறுத்தார். கறுப்பினத்தவர் என்பதற்காக ஒருவர் விலக வேண்டுமென்றால், அதே அளவுகோலின்படி வெள்ளையினத்தவரும் விலக வேண்டியிருக்கும் என்பது அவர் தந்த விளக்கத்தின் மையம்.

நம் நாட்டுக்கும் இது பொருந்தும். தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் உறுப்பைக் கொண்ட அரசமைப்புச் சட்டத்தின் வரைவுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் தீண்டாமையை அனுபவித்தவர். பாதிக்கப்பட்டவர் என்பதால் அவர் எழுதிய சட்டம் ஒருதலைச் சார்பானது என்று எவரும் கூற முடியாது. பறையடிப்பவரின் முகம் வரையப்படவில்லை என்பதைக் காண்பதற்குத் தலித்தாக இருக்க வேண்டியதில்லை. கண் இருந்தால் போதும். பிறர் காணாததை ஒருவர் கண்டார் என்பது அவருடைய சார்புக்குச் சான்றாகாது.

ஆனால் அடையாளத்துக்கும் சொந்த நலனுக்கும் வேறுபாடு உண்டு. ஒரு சமூகத்தில் பிறந்தது அடையாளம். அதே கண்காட்சிக்கு விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டது சொந்த நலன். முதலாவதை யாரும் கேள்வி கேட்க உரிமையில்லை. இரண்டாவதை அறிய வாசகருக்கு உரிமை உண்டு. நம்மீது முதலாவது கேள்வி அநியாயமாகத் தொடுக்கப்படுகிறது என்பதற்காக இரண்டாவது கேள்விக்கும் விடைகூற மறுப்பது சரியன்று. அந்த இளம் ஓவியரிடமும் இதைத்தான் நாங்கள் கூறினோம்.

மூன்று தீர்ப்புகள் கற்பிப்பவை

தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கக்கூடாது என்பது இயற்கை நீதியின் முதல் விதி. இவ்விதியை விளக்கிய உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் மூன்று, வரைவதும் விமர்சிப்பதுமாகிய இரட்டைப் பணிக்கு நேரடியாகப் பயன்படுகின்றன.

முதலாவது, 1969இல் வழங்கப்பட்ட ஏ.கே. கிரைபக் வழக்கின் தீர்ப்பு. ஜம்மு காஷ்மீர் வனத்துறையிலிருந்து இந்திய வனப் பணிக்கு அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இருந்த ஒருவர் தாமும் ஒரு வேட்பாளர். தம் பெயர் பரிசீலிக்கப்பட்டபோது அவர் விலகியிருந்தார். தம் போட்டியாளர்களின் பெயர்கள் பரிசீலிக்கப்பட்டபோது கலந்துகொண்டார். அது போதாது என்று நீதிமன்றம் கூறித் தேர்வை ரத்து செய்தது. போட்டியாளரைத் தாழ்த்துவதும் தன்னை உயர்த்துவதே என்பது அதன் தருக்கம்.

இரண்டாவது, 1984இல் வழங்கப்பட்ட ஜே. மொஹபாத்ரா வழக்கின் தீர்ப்பு. இது நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. ஒடிசாவில் பள்ளி, கல்லூரி நூலகங்களுக்கு நூல்களைத் தேர்ந்தெடுத்த குழுவில் நூலாசிரியர்களே உறுப்பினர்களாக இருந்தனர். அவர்களுடைய நூல்களும் பரிசீலனையில் இருந்தன. ஒருவர் நூலை மற்றவர் ஆதரிக்கும் கொடுக்கல் வாங்கலுக்கு இது வழிவகுக்கும் என்று நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. தீர்ப்பளிக்க வேறு ஆளே இல்லாதபோது, சார்புடையவரும் தீர்ப்பளிக்கலாம் என்னும் 'தேவைக் கோட்பாடு' இங்கே பொருந்தாது என்றும் கூறியது. நூலாசிரியர் அல்லாத தகுதியுடையோரைக் குழுவில் அமர்த்த முடியும் என்பதே காரணம்.

மூன்றாவது, 1985இல் வழங்கப்பட்ட அசோக் குமார் யாதவ் வழக்கின் தீர்ப்பு. அரசமைப்புச் சட்டப்படி அமைந்த தேர்வாணையத்தின் உறுப்பினர், தம் உறவினர் வேட்பாளர் என்பதற்காக முழுத் தேர்விலிருந்தும் விலக வேண்டியதில்லை. ஆனால் அந்த உறவினரின் நேர்காணலிலும் அவரைப் பற்றிய கலந்தாய்விலும் பங்கேற்கக்கூடாது என்று இத்தீர்ப்பு வகுத்தது. மாற்று ஆள் இல்லாத இடத்தில் விதி சற்று நெகிழ்கிறது, மறைந்துவிடுவதில்லை.

எழுதும்போது வெளிப்படுத்தல், தேர்ந்தெடுக்கும்போது விலகல்

விமர்சகர் நீதிபதி அல்லர். அவருடைய கருத்தை வாசகர் மறுக்கலாம். வேறொருவர் எதிர்விமர்சனம் எழுதலாம். விருதுக்குழு நடுவர், கண்காட்சித் தேர்வாளர், படைப்புகளை வாங்கும் குழு உறுப்பினர் ஆகியோரின் நிலை அவ்வாறன்று. அவர்கள் முடிவே இறுதி. ஆகவே இவ்விரண்டுக்கும் ஒரே விதியைப் பொருத்தக்கூடாது என்பது எங்கள் நிலைப்பாடு.

விமர்சனம் எழுதும்போது தேவைப்படுவது வெளிப்படுத்தல். இக்கண்காட்சிக்கு நானும் விண்ணப்பித்தேன். இவ்வோவியர் என் ஆசிரியர். இக்கலைக்கூடத்தில் என் படங்களும் விற்பனைக்கு உள்ளன. இவ்வோவியரின் படமொன்று என்னிடம் இருக்கிறது. இவற்றில் எது உண்மையோ அதை ஒரே வாக்கியத்தில் கட்டுரையின் தொடக்கத்திலேயே கூறிவிட வேண்டும். கூறியபின் எவ்வளவு கடுமையாகவும் எழுதலாம். தாம் பங்கேற்ற கண்காட்சியைப் பற்றி எழுத வேண்டுமானால் அதனை விமர்சனம் என்று அழைக்காமல், பங்கேற்றவரின் குறிப்பு என்று அழைக்க வேண்டும்.

தேர்வுக் குழுவில் அமரும்போது தேவைப்படுவது விலகல். தம் பெயர் வரும்போது மட்டும் வெளியே சென்று திரும்புவது போதாது. தாமும் போட்டியிடும் ஆண்டில் அக்குழுவிலேயே அமரக்கூடாது. கிரைபக் தீர்ப்பின் பாடம் இது. தலித் கலை விழாக்களும் நம் அமைப்புகள் வழங்கும் விருதுகளும் இதற்கு விலக்கல்ல. நம் வட்டம் சிறியது. வரைபவர், எழுதுபவர், ஏற்பாடு செய்பவர் ஆகிய அனைவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். அதனாலேயே இவ்விதி நமக்குக் கூடுதலாகத் தேவை. எழுத்தாளரோ, வேறு மாநிலத்து ஓவியரோ, கலை வரலாற்று ஆசிரியரோ ஒருவரை அழைத்து நடுவராக்க எப்போதும் முடியும். வேறு ஆள் இல்லை என்ற வாதம் அங்கே செல்லாது.

விமர்சனத்தைப் பொறுத்தவரை அவ்வாதம் இன்று செல்லும். தலித் ஓவியரின் படத்தைப் பற்றித் தலித் ஓவியர் எழுதாவிடில், பெரும்பாலும் எவரும் எழுதுவதில்லை. ஆனால் இத்தேவையை நிரந்தரமாக்கிக்கொள்ளக்கூடாது. இன்று இரட்டைப் பணி செய்பவர், வரையாத இளைஞர் இருவரையேனும் விமர்சனம் எழுதப் பழக்கினால், பத்தாண்டுகளில் நாம் தேவைக் கோட்பாட்டின் துணையின்றி நிற்கலாம்.

சட்டம் தரும் காப்பு

அவதூறுச் சட்டத்தைக் கண்டு விமர்சகர் அஞ்ச வேண்டியதில்லை. அதனை அறிந்திருக்க வேண்டும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவாக நடைமுறையில் உள்ளது. அதிகபட்சத் தண்டனை இரண்டாண்டு வெறுங்காவல். இப்பிரிவின் ஆறாவது விதிவிலக்கு விமர்சகருக்கு உரியது. படைத்தவர் பொதுமக்களின் மதிப்பீட்டுக்கு முன்வைத்த படைப்பின் தரத்தைப் பற்றி நல்லெண்ணத்துடன் கூறப்படும் கருத்து அவதூறாகாது. பொதுக் கண்காட்சியில் தொங்கவிடப்பட்ட ஓவியம் அவ்வாறு முன்வைக்கப்பட்டதே ஆகும். படைத்தவரின் இயல்பைப் பற்றியும், அது படைப்பில் வெளிப்படும் அளவுக்குக் கருத்துக் கூறலாம். அதற்கு அப்பாலுள்ள தனிவாழ்க்கையைத் தொடக்கூடாது.

இங்கே 'நல்லெண்ணம்' என்ற சொல்லே திறவுகோல். உரிய கவனத்துடனும் அக்கறையுடனும் செய்யப்படாத எதுவும் நல்லெண்ணத்துடன் செய்யப்பட்டதாகாது என்பது சட்டத்தின் வரையறை. விதிவிலக்கு தமக்குப் பொருந்தும் என்று மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பும் எழுதியவருடையதே. நிராகரிப்பை மறைத்து எழுதினால், எதிர்த்தரப்பு அதனைக் கண்டுபிடித்து நீதிமன்றத்தில் ஆத்திரத்துக்குச் சான்றாக வைக்கும். தாமே முன்கூட்டிக் கூறிவிட்டால் அதுவே நல்லெண்ணத்துக்குச் சான்றாகும். ஆகவே வெளிப்படுத்தல் அறம் மட்டுமன்று, கவசமும் ஆகும்.

பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 52ஆம் பிரிவு விமர்சனத்துக்காகவும் மதிப்புரைக்காகவும் பிறர் படைப்பை நியாயமான அளவில் எடுத்தாள இடமளிக்கிறது. விமர்சிக்கும் படத்தைக் கட்டுரையோடு அச்சிடலாம், அலங்காரத்துக்காக அச்சிடக்கூடாது.

ஓவியர் என்ற முறையிலும் சில பிரிவுகளை அறிந்திருப்பது நலம். ஒருவர் பணம் கொடுத்துத் தமக்காக வரையச் சொன்ன ஓவியத்தின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லையெனில், வரையச் சொன்னவருக்கே சேரும் என்கிறது 17ஆம் பிரிவு. அண்ணலின் உருவப்படத்தைக் கட்சிக்கோ அமைப்புக்கோ வரைந்து கொடுக்கும் நம் ஓவியர்கள், உரிமையைத் தம்மிடம் வைத்துக்கொள்ள விரும்பினால் முன்பே எழுத்தில் பெற வேண்டும். உரிமையை மாற்றிக் கொடுப்பது கையொப்பமிட்ட எழுத்து வடிவில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்தாண்டுகள் என்றே கொள்ளப்படும் என்கிறது 19ஆம் பிரிவு.

உரிமை கைமாறினாலும், படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் தார்மிக உரிமை 57ஆம் பிரிவின்படி படைத்தவரிடமே தங்கும். டெல்லி விஞ்ஞான் பவனில் தாம் அமைத்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979இல் அரசு பெயர்த்தெடுத்துச் சிதைத்ததை எதிர்த்துச் சிற்பி அமர்நாத் சேகல் வழக்காடினார். 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம், எஞ்சிய பகுதிகளை அவரிடம் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது.

பிழைப்பும் நேரமும்

இவையெல்லாம் அறிந்தபின்னும், இரண்டு பணிகளையும் தாங்குமளவுக்கு வருமானம் உண்டா என்ற கேள்வி எஞ்சுகிறது. சிற்றிதழ் விமர்சனத்துக்குப் பெரும்பாலும் ஊதியம் இல்லை. படம் விற்றால் விலையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை கலைக்கூடங்கள் எடுத்துக்கொள்வது வழக்கம். எழுதிச் சம்பாதிக்க எளிய வழி, கண்காட்சிக் கையேடுகளுக்குப் பணம் பெற்றுக் கட்டுரை எழுதுவது. அது தவறான தொழிலன்று. ஆனால் அக்கட்டுரையைச் சிறிது மாற்றி இதழில் விமர்சனமாக வெளியிடுவது தவறு. யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவரிடம் பணமோ படமோ பெறக்கூடாது.

ஓவிய ஆசிரியராக மத்திய அரசுப் பணியில் இருப்பவர்கள் 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளைப் படித்துப் பார்க்க வேண்டும். கலை, இலக்கியம் சார்ந்த எழுத்துக்கு அவை இடமளிக்கின்றன. அரசின் கொள்கையைச் சாடுவதற்கு இடமளிப்பதில்லை. மாநில அரசுப் பணியாளர்கள் தத்தம் மாநில விதிகளைப் பார்க்க வேண்டும்.

நம் இதழாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விமர்சனம் கேட்கும்போதே, இக்கண்காட்சியோடு உங்களுக்குத் தொடர்பு ஏதேனும் உண்டா என்று கேளுங்கள். அதனை எழுதியவரின் குறிப்பாக அச்சிடுங்கள். வழக்கு வந்தால் எழுதியவரைத் தனியே விட்டுவிடாதீர்கள். இயன்ற அளவு ஊதியம் கொடுங்கள். வரையும் நேரத்தைக் குறைத்துக்கொண்டுதான் அவர்கள் நமக்கு எழுதுகிறார்கள்.

அந்த இளம் ஓவியரின் நோட்டீஸுக்கு நாங்கள் பதில் அனுப்பினோம். மன்னிப்புக் கோரவில்லை. அடுத்த இதழில் அவர் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார்: அக்கண்காட்சிக்குத் தாம் இரண்டு ஓவியங்கள் அனுப்பியதும், அவை தேர்வாகாததும், அதனை முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்பதும், பறையடிப்பவரின் முகம் பற்றிய தம் கருத்தில் மாற்றமில்லை என்பதும் அதில் இருந்தன. அதன்பின் வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. அவ்வமைப்பாளர்களிடமிருந்து அவருக்கு அழைப்பும் வருவதில்லை. அந்த இழப்பு உண்மையானது, அதனை ஈடுசெய்யும் சட்டப்பிரிவு எதுவும் இல்லை. அவர் தொடர்ந்து வரைகிறார், எழுதுகிறார். அண்மையில் தம்முடன் பயின்ற ஒருவரின் கண்காட்சியைப் பற்றி எழுதியபோது, முதல் வாக்கியத்திலேயே அந்த நட்பைச் சொல்லிவிட்டு, இரண்டாவது வாக்கியத்தில் படங்களின் குறையைப் பேசத் தொடங்கியிருந்தார்.